பங்காளியும் பங்குதாரரும்

காதல் கதைகளுக்குக் கடை மிகப் பழைய களம். எர்ன்ஸ்ட் லுபிட்ச் 1940இல் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' படத்தில், புடாபெஸ்ட் நகரத்துக் கடையொன்றில் வேலைசெய்யும் ஆணும் பெண்ணும் பகலெல்லாம் சண்டையிடுகிறார்கள். வேலை முடிந்ததும் முகமறியாத ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்கள் தங்களுக்குள்ளேயே போய்வருகின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். 'காதல் கோட்டை'யைக் கண்டு மகிழ்ந்த தமிழ் ரசிகருக்கு இந்த இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு எதிரெதிர்க் குணங்கள், ஒரே கூரை, சம்பளம் தேவைப்படுவதால் விட்டுவிட்டுப் போக முடியாத நிலை. கதைக்கு இவை போதும்.

இதே கதையில் இருவரும் ஆண்களாக இருந்தால் என்னவாகும்? 1985இல் வெளிவந்த 'மை பியூட்டிஃபுல் லான்ட்ரெட்' அதைச் சொல்லிப் பார்த்தது. ஹனீஃப் குரேஷி எழுதி ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய அந்தப் படத்தில், லண்டனில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞர் ஒருவரும், ஒரு காலத்தில் புலம்பெயர்ந்தோருக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்த வெள்ளை இளைஞர் ஒருவரும் சேர்ந்து பாழடைந்த சலவைக்கடை ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். அதன் ஊடே காதலும் வளர்கிறது. வேலையின்மை, இனவெறி, தாட்சர் காலத்துப் பண ஆசை எல்லாம் படத்தில் உண்டு. ஆயினும் அது முடிவது இருவரும் ஒருவர் மீது ஒருவர் தண்ணீர் தெளித்து விளையாடும் காட்சியில்.

தமிழ்த் திரையில் தன்பாலீர்ப்பாளர்கள் நெடுங்காலம் பகடிக்கு உரியவர்களாகவோ, வக்கிரம் கொண்டவர்களாகவோதான் வந்தார்கள். 'கோவா' (2010) ஓர் ஆண் இணையைச் சிரிப்பினூடே காட்டியது. 'நட்சத்திரம் நகர்கிறது' (2022), 'காதல் என்பது பொதுவுடைமை' (2025) ஆகியவை மதிப்போடு அணுகின. எனினும் இரண்டு ஆண்களின் காதலை முழுநீளத்துக்கும் இலகுவாக, நோகாமல், 'சுபம்' என்று முடியும்படி சொல்வது நம்மிடையே இன்னும் அரிது. இதற்குக் கலைஞர்களின் தயக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காதலைச் சிரித்தபடி சொல்ல முடிவதற்கு அடியில் ஒரு பொருளாதார ஏற்பாடு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பொருளியலாளர்களின் வழக்கப்படி ஓர் எடுத்துக்காட்டை அனுமானித்துக்கொள்வோம்.

திண்டிவனத்தில் ஒரு கடை

திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிறிய கடை. பழைய உடைகளைத் தேடி வாங்கி, துவைத்து, தைத்துச் சீராக்கி விற்கும் கடை. புதுச்சேரி, திருவண்ணாமலை, சென்னை, திருச்சி என நாற்புறமும் சாலைகள் பிரியும் ஊர் அது. ஆரோவில்லுக்கும் செஞ்சிக் கோட்டைக்கும் போகும் பயணிகள் கடந்து செல்லும் இடம். எனவே இப்படியொரு கடைக்கு வாடிக்கையாளர் கிடைப்பார்கள் என்று நம்பலாம்.

கடையை நடத்துபவர்கள் இருவர். ஒருவர் விழுப்புரத்துக்காரர், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நாள்தோறும் வருபவர். கணக்கில் ஐந்து ரூபாய் உதைத்தாலும் அவருக்கு இரவு தூக்கம் வராது. பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் வைப்பார். மற்றவர் திண்டிவனத்துக்காரர். கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் எழுபதுகளின் அகலக் காலர் சட்டையைப் பார்த்ததும் அதற்கொரு வரலாறு சொல்லி, வாங்க வராதவரையும் வாங்க வைத்துவிடுவார். கதையில் தானே மயங்கிக் கடைசியில் பாதி விலைக்குக் கொடுத்தும்விடுவார்.

இவர்களுக்குள் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகித்திருப்பார். ஆங்கிலக் கதையில் இல்லாத ஒரு வசதி தமிழில் உண்டு. முதல் ஆண்டு முழுவதும் "என்ன சார், மறுபடியும் தள்ளுபடியா?" என்றே சண்டை நடக்கும். ஒருநாள் கோபத்தின் உச்சியில் 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிடும். இருவரும் அதைக் கவனிப்பார்கள். இருவரும் கவனிக்காததுபோல் இருப்பார்கள். நம் மொழியில் ஒரு காதல் காட்சிக்கு அந்த ஓரெழுத்துச் சொல்லே போதுமானது.

ஏன் வயலில் இல்லாமல் கடையில்?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் டெமிலியோ 1983இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், தன்பாலீர்ப்பு உணர்வு எக்காலத்தும் இருந்திருக்கலாம் என்றாலும், அதை அடிப்படையாகக் கொண்டு ஒருவர் தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்வது கூலி உழைப்பு பரவிய பிறகே சாத்தியமாயிற்று என்று வாதிட்டார். குடும்பமே உற்பத்தி அலகாக இருக்கும்வரை, குடும்பத்துக்கு வெளியே பிழைப்பு இல்லை. நிலம் தந்தை பெயரில், மாடு வீட்டுக்குச் சொந்தம், உழைக்கும் கைகள் குடும்பத்துக்குச் சொந்தம். திருமணம் அந்த உற்பத்தி ஏற்பாட்டின் ஓர் உறுப்பு. தனக்கென்று சம்பளம் வந்த பிறகுதான் ஒருவர் தனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பற்றி யோசிக்க முடிகிறது.

நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் விழுப்புரம் மாவட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்த இளைஞருக்குக் குடும்பத்தோடு முரண்படுவது என்றால் சோற்றோடு முரண்படுவது. நம் விழுப்புரத்துக்காரருக்குக் காலைப் பேருந்தும் திண்டிவனத்துக் கல்லாப்பெட்டியும் அளித்திருப்பது வருமானத்தை மட்டுமன்று. யாரும் கேள்வி கேட்காத பத்து மணி நேரத்தையும்தான்.

இங்கே கூவாகத்தை நினைவூட்ட வேண்டும். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் விழாவுக்காக நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வந்து குவியும் அந்த ஊர், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. விழா நாட்களில் விழுப்புரம் நகரின் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்து வழிவதை இவ்வட்டார மக்கள் அறிவார்கள். திருநங்கையர் வேறு, தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் வேறு. முன்னது ஒருவர் தம்மை எந்தப் பாலினத்தவராக உணர்கிறார் என்பதைப் பற்றியது, பின்னது யார் மீது ஈர்ப்புக் கொள்கிறார் என்பதைப் பற்றியது. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால், வழக்கத்துக்கு மாறானவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும் மரபு இந்த வட்டாரத்துக்கு இல்லை என்பதற்குக் கூவாகம் சாட்சி.

பழையது எப்போது விலையேறும்?

கடையின் சரக்கையும் சற்றுப் பார்க்கலாம். தெருவில் பாத்திரக்காரர் வந்தால் பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிய நினைவு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பழைய பட்டுப் புடவையை அதன் ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கிச் செல்வோரும் உண்டு. அதே புடவை நகரத்தில் 'விண்டேஜ்' என்ற பெயரைப் பெற்றுக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும்போது விலை பல மடங்காகிறது. துணி மாறவில்லை, அதை வைத்துப் பார்க்கும் வகைப்பாடு மாறியிருக்கிறது.

மைக்கேல் தாம்ப்சன் 1979இல் வெளியிட்ட 'ரப்பிஷ் தியரி' என்ற நூல் இதை ஆராய்கிறது. பெரும்பாலான பொருட்களின் மதிப்பு நாள்பட நாள்படத் தேய்ந்து சுழியமாகிறது. அந்தக் குப்பை நிலையில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் பொருட்களில் சில, ஒரு புதிய கண்ணில் பட்டு, காலப்போக்கில் மதிப்பு கூடும் பொருட்களாக மாறுகின்றன. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய 'மெட்ராஸ்' கட்டத்துணி இதற்கு நல்ல சான்று. துவைக்கத் துவைக்கச் சாயம் போகும் துணி அது. 1960களில் அமெரிக்கச் சந்தையில் சாயம் கசிவதையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். குறை என்று கருதப்பட்டதே முகவரியாயிற்று.

தமிழில் 'சாயம் வெளுத்துவிட்டது' என்றால் மறைத்தது அம்பலமாயிற்று என்று பொருள். நம் கடைக்காரர்கள் இருவரும் அஞ்சியிருக்கக்கூடிய ஒன்று அது. மனித உறவுகளையும் சட்டம் இப்படித்தான் பெட்டி பெட்டியாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 377 மூலம், இவர்களது உறவைக் குற்றம் என்ற பெட்டியில் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் எடுத்து வெளியே வைத்தது; உச்ச நீதிமன்றம் 2013இல் திரும்பவும் உள்ளே போட்டது; 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே அதை வெளியே எடுத்தது. குற்றம் என்ற பெட்டியிலிருந்து வெளியே வந்தாயிற்று. வேறெந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை. இன்றைய சிக்கல் அதுதான்.

எதிரெதிர்க் குணங்களின் லாபம்

எதிரெதிரானவர்கள் சேர்ந்தால் லாபம் என்பதை டேவிட் ரிக்கார்டோ 1817இலேயே நாடுகளை வைத்து விளக்கிவிட்டார். ஒவ்வொருவரும் தமக்கு ஒப்பீட்டளவில் எளிதானதைச் செய்து பண்டமாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம். 1992இல் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் இந்தத் தர்க்கத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். ஒருவர் வெளியே சம்பாதிக்க, மற்றவர் வீட்டைக் கவனிக்க, அந்த வேலைப் பிரிவினையிலிருந்தே திருமணத்தின் ஆதாயம் பிறக்கிறது என்பது அவரது விளக்கம். அவர் மனத்தில் இருந்தது ஆணும் பெண்ணும். பெண்களின் உழைப்பை அவர் பார்த்த விதத்தைப் பெண்ணியப் பொருளியலாளர்கள் சரியாகவே விமர்சித்துள்ளனர். ஆனால் வேலைப் பிரிவினையின் ஆதாயத்துக்குப் பாலினம் ஒரு நிபந்தனையன்று. கணக்கு எழுதத் தெரிந்தவரும் கதை சொல்லத் தெரிந்தவரும் சேர்ந்தால் கடை ஓடும்.

இப்படிப்பட்ட வேலைப் பிரிவினைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. இன்று நான் விட்டுக்கொடுப்பது நாளை எனக்குப் பாதுகாப்பாகத் திரும்பிவரும் என்ற நம்பிக்கை வேண்டும். கணக்கு எழுதுபவர் பின்னறையில் இருக்கிறார். கடையின் முகம் மற்றவர். வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் ஒருவர் பெயரிலேயே இருந்தால் மற்றவரின் பத்தாண்டு உழைப்பு எங்கே பதிவாகிறது? கணவன் மனைவிக்கு இடையில் இந்த இடைவெளியைத் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் ஓரளவு நிரப்புகின்றன. பழைய படங்களின் கடைசிச் சட்டகத்தில் வரும் 'சுபம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான். குடும்ப அட்டை, காப்பீடு, மருத்துவமனைக் கையொப்பம், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவதால்தான் பார்வையாளர் கவலையின்றிச் சிரித்துவிட்டு எழுந்து போகிறார்.

சிரிப்பு நிற்கும் இடம்

நம் கடைக்காரர்களுக்குச் சட்டம் ஒரு உறவை மறுப்பின்றி வழங்குகிறது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி இருவரும் பங்குதாரர்கள் ஆகலாம். பத்திரம் எழுதலாம், பதிவுசெய்யலாம், லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம். யாரும் அவர்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் பங்குதாரர்களில் ஒருவர் இறந்தால், அந்த நிறுவனத்தில் இருந்தது இருவர் மட்டுமே என்பதால், நிறுவனம் அன்றோடு கலைகிறது. ஒருவரே தமக்குத் தாமே பங்குதாரராக இருக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1965லேயே தெளிவாக்கிவிட்டது. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போக வேண்டும்.

வாரிசுகள் யார்? இருவரும் மணமாகாத இந்துக்கள், உயில் எழுதவில்லை என்று கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் தாய். தாய் இல்லையெனில் தந்தை. பிறகு உடன்பிறந்தோர் உள்ளிட்ட இரண்டாம் வகுப்பு வாரிசுகள். அவர்களும் இல்லையெனில் ஆண்வழி உறவினர், அதாவது பங்காளிகள். அடுத்துப் பெண்வழி உறவினர். எவருமே இல்லையெனில் பிரிவு 29இன்படி சொத்து அரசுக்குப் போகிறது. இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட கடைக்குள் நுழையாத பங்காளிக்கு உள்ள உரிமை பங்குதாரருக்கு இல்லை. அரசுக்கும் பின்னால்கூட அவருக்கு ஓர் இடம் இல்லை.

உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. வெளியாருக்கு எழுதினால் அந்தச் சலுகை இல்லை. வருமான வரிச் சட்டமோ, உறவினரிடமிருந்து பெறும் பரிசுக்கு வரி விலக்குத் தருகிறது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் அதை வருமானமாகக் கணக்கிடுகிறது. இந்த வேறுபாட்டை எதிர்த்து ஓர் ஆண் இணையர் 2025இல் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியுள்ளனர். ஆக, சட்டத்தின் கண்ணில் 'வெளியார்' என்ற சொல்லுக்கு ரூபாயில் அளக்கக்கூடிய ஒரு விலை இருக்கிறது.

இந்த விலையைத் தனிநபர் மட்டும் செலுத்துவதில்லை. உலக வங்கிக்காகப் பொருளியலாளர் லீ பேட்ஜெட் மேற்கொண்ட ஆய்வு, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர் ஒதுக்கப்படுவதால் இந்தியப் பொருளாதாரத்துக்கு 2012ஆம் ஆண்டில் ஏற்பட்ட இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 முதல் 1.7 விழுக்காடு வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. வீச்சு அகலமானது, தரவுகள் குறைவு. ஆனால் ஊரை விட்டு ஓடும் இளைஞர், பாதியில் நிற்கும் படிப்பு, ஒளித்து வாழும் அயர்ச்சி ஆகியவற்றுக்குப் பொருளாதாரக் கணக்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

இதுவரை நடந்தவை

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமையன்று என்று ஒருமனதாகக் கூறியது. திருமணம் அல்லாத வேறு வடிவத்தில் இணைவுக்கு அங்கீகாரம் தரவேண்டும் என்ற கருத்தும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்கப்படவில்லை. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆனால் இவர்களின் அன்றாடச் சிக்கல்களை ஆராய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைப்பதாக மத்திய அரசு உறுதியளித்தது. குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடையேதும் இல்லை என்று நிதி அமைச்சகம் விளக்கமளித்தது. உடன் வாழும் இணையரைக் குடும்ப அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவில், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்யச் சொன்னார். தீர்ப்புக்கு முன் இதுபற்றித் தமக்கே புரிதல் வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. இச்சமூகத்தினரை மரியாதையுடன் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்பட்டியலை மாநில அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. 2023 நவம்பரில் அதே நீதிபதி, இணையர் இருவர் தங்கள் உறவைப் பதிவுசெய்துகொள்ளும் குடும்ப இணைவுப் பத்திரம் என்ற ஏற்பாட்டைப் பரிசீலிக்குமாறு மாநில அரசிடம் கூறினார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் வேரூன்றிவிட்டது என்றும் தெரிவித்தது.

பத்திரம் ஒன்று போதும்

குடும்ப இணைவுப் பத்திரம் என்ற யோசனை உரிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. அது திருமணச் சட்டத்தைத் தொடுவதில்லை. எந்த மதத்தின் சடங்கிலும் குறுக்கிடுவதில்லை. நம் நாட்டில் அன்றாடம் ஆயிரக்கணக்கில் எழுதப்படும் பத்திரங்களோடு இன்னொரு வகைப் பத்திரம், அவ்வளவே. முத்திரைத் தீர்வையில் குடும்ப உறுப்பினருக்கான சலுகை, வாடகை வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை, மருத்துவமனையில் முடிவெடுக்கும் உரிமை, துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை மாநில அரசு தன் அதிகார வரம்புக்குள் இதனுடன் இணைக்க முடியுமா என்று ஆராயலாம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்ட வடிவம் கொடுத்த மாநிலத்துக்கு, உறவுகளைப் புதிதாக எழுதிப் பதிவுசெய்வது அந்நியமான செயலன்று.

இது யாருக்கோ ஒரு சிலருக்கான சலுகை என்று சிலர் கேட்கக்கூடும். மணமாகாமல் சேர்ந்து வாழும் முதிய சகோதரிகள், ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் கைம்பெண் தோழியர், பெற்றோர் கைவிட்ட திருநங்கையை மகளாக ஏற்றவர் எனப் பலருக்கும் இத்தகைய ஏற்பாடு பயன்படும் வகையில் வடிவமைக்கலாம். பராமரிப்பு எங்கே நடக்கிறதோ அங்கே உரிமையும் இருக்கட்டும் என்பது நல்ல பொருளியல், நல்ல அறமும்கூட.

அதுவரை திண்டிவனத்துக் கடைக்காரர்களைப் போன்றவர்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இருவரும் தனித்தனியே உயில் எழுதிப் பதிவுசெய்யலாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பின்னாளில் வழக்கு வந்தால் கைகொடுக்கும். 'இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்' என்ற நிபந்தனையுடன் கூட்டுக் கணக்கு தொடங்கலாம். நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதால், நியமனத்தை மட்டும் நம்பி உயிலைத் தவிர்க்கக் கூடாது. கடையின் வாடகை ஒப்பந்தத்தை இருவர் பெயரிலும் எழுதிக்கொள்ள வேண்டும். கூட்டாண்மைப் பத்திரத்தில், ஒருவர் மறைந்தால் அவர் பங்கை எந்த மதிப்பில், எத்தனை தவணையில் மற்றவர் வாங்கிக்கொள்ளலாம் என்பதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்து முடிக்க நம் விழுப்புரத்துக்காரருக்கு ஒரு வாரம் போதும். ஆவணங்களை நிறவாரியாக அடுக்கியும் வைத்துவிடுவார். திண்டிவனத்துக்காரர் கையொப்பமிட வேண்டிய நாளன்று பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார். அவர்கள் அதற்காகச் சண்டையிடட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தின் பட்டியலில் அவர்களுக்கென ஒரு பத்திரத்தைச் சேர்க்க வேண்டியது அரசின் வேலை.